துலெபாயின் இரண்டு கிளைகள்

கல்யாணத்துக்கு ஐம்பது மணி நேரம் இருக்கும்போது யெர்போல் மாப்பிள்ளையின் மூக்கை உடைத்தான்.

முற்றத்தில் குதிரையை அறுத்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. வேலியில் போட்டிருந்த தோலிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. காபித் சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு விலா எலும்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா செரிக்பாய் மரத்தொட்டியருகே உட்கார்ந்து இறைச்சிக்கு உப்புத் தடவினார். கல்யாணப் பெண்ணான யெர்போலின் தங்கை அக்மராலும் அம்மா குல்யாஷும் வெந்நீர் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் இருந்து குடலைப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை மெய்ராம் கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். தோளில் ஒரு பெட்டி ஆப்பிள். குடும்ப மரப் படம் தயாராகிவிட்டது, வந்து பார் என்று யெர்போல்தான் அவனைப் போனில் கூப்பிட்டிருந்தான். ஜன்னல் திட்டில் மடிக்கணினி திறந்திருந்தது. மெய்ராம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். அவன் நிமிர்வதற்குள் அடி விழுந்தது.

கிளை முறிந்தது போல ஒரு சத்தம். அவன் பெட்டியின் மேல் விழுந்தான். ஆப்பிள்கள் குதிரை ரத்தத்தில் உருண்டு ஓடின.

"மூக்க விட்டுட்டு அடிடா. நாளன்னிக்கு போட்டோ எடுக்கணும்" என்றார் காபித் தலையைத் தூக்காமல். மச்சான்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

"நாளன்னிக்கு ஒண்ணும் இல்ல, சித்தப்பா. இவன் நம்ம பையன்."

"நம்ம பையன்தானே. மாப்பிள்ளை."

"மாப்பிள்ளை இல்ல. ரத்தம். துலெபாய் வழி."

காபித் கத்தியைக் கீழே வைத்தார்.

யெர்போல் ஊர்ப் பள்ளியில் வரலாறும் மல்யுத்தமும் சொல்லிக்கொடுக்கிறவன். மூன்று வயதில் நாற்காலி மேல் நின்று அப்பாவிலிருந்து மேலே எண்ணும் தன் ஏழு தந்தையரின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தவன். செரிக்பாய், ஒமார், பைமுரத், ஜூனிஸ், துலெபாய், அதற்கு மேல் இன்னும் இரண்டு. அந்த ஏழுக்குள் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை. அதில் பேச்சே கிடையாது. இப்போது அவன் தங்கைக்குத் துலெபாய் ஐந்தாவது தந்தை. மெய்ராமுக்கு ஆறாவது.

மெய்ராம் எல்லைக்கு அந்தப் பக்கத்தில், சீனாவில் பிறந்தவன். ஒன்பது வருடங்களுக்கு முன் மாமாவோடு இந்த ஊருக்கு, ஆயகோஸுக்கு, வந்து சேர்ந்தான். பெண் கேட்க வந்த அன்று மாமா நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு, மிச்சம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்றார். செரிக்பாய் உடனே அவர் கோப்பையில் தேநீரை ஊற்றி, நாலு போதும் என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

யெர்போலுக்கு நான்கு போதவில்லை. மிச்ச மூன்றையும் கண்டுபிடித்து, இரண்டு வீட்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, கல்யாண மண்டபத்துச் சுவர் நிறைய மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் வேலை செய்தான். தேடும் விதத்தை அக்மரால்தான் முன்பு அவனுக்குக் காட்டியிருந்தாள். முப்பதுகளில் அரசாங்கம் பிடித்துப் போய்ச் சுட்டுக் கொன்றவர்களின் பெயர்களை ஏற்றிய தளம் ஒன்று உண்டு. பெயரைத் தட்டினால் பிறந்த வருடமும் அப்பன் பெயரும் அவர்கள் மந்தையோடு குளிர்காலத்தில் தங்கிய முகாமின் பெயரும் வரும். அங்கே மெய்ராமின் நான்காவது தந்தை கிடைத்தார். முகாமின் பெயரை வைத்துக்கொண்டு, ஜார் காலத்தில் வீடு வீடாக ஆட்டையும் குதிரையையும் எண்ணிய பக்கங்களைத் தேடினான். அதையும் யாரோ ஒளிநகல் எடுத்து ஏற்றியிருந்தார்கள். கல்லறைக் கற்களைப் படம் பிடித்துப் போடுகிற தளத்தில் அந்த முகாமின் இடுகாடு இருந்தது. கல்லில் இருந்த அரபு எழுத்தைப் பள்ளிவாசல் மௌல்வி படித்துக் காட்டினார். எல்லாவற்றையும் குடும்ப மரத் தளத்தில் ஏற்றியதும் அந்தத் தளமே அவனைக் கேட்டது. உங்கள் மரத்தில் இருக்கும் துலெபாயும் இந்தத் துலெபாயும் ஒரே ஆளா? ஆம், இல்லை என்று கீழே இரண்டு பொத்தான்கள். காலையில் குதிரையை அறுப்பதற்கு முன்பு யெர்போல் ஆம் என்பதை அழுத்தினான்.

மெய்ராம் எழுந்து உட்கார்ந்தான். ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. துப்பிவிட்டுச் சொன்னான்.

"அப்ப நான் உங்களுக்குத் தம்பியாயிட்டேன். தம்பிய இப்படித்தான் வரவேற்பீங்களா?"

யெர்போல் அவன் விலாவில் உதைத்தான். பூட்ஸ் காலால், ஒரே இடத்தில், மூன்று முறை.

"உங்க மாமாவுக்குப் போன் போடு. கல்யாணம் வேணாம், எனக்கு வேற பொண்ணு இருக்குன்னு சொல்லு. தப்பு உன் பக்கமே இருக்கட்டும். எங்க வீட்டுப் பேர் வரக் கூடாது. சாயந்தர ரயில்ல ஏறிப் போயிடு."

"மாட்டேன்."

"ஏன்டா மாட்டே?"

"கட்டிக்கப்போறேன்."

"இத்தன சொல்லியுமா?"

"நீங்க நல்லாத்தான் தேடியிருக்கீங்க, அண்ணே. நான் கட்டிக்கப்போறேன்."

சொல்லும்போது அவன் அக்மராலைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டான். அவள் கையில் குடல் வழுக்கியது. அவன் கேட்டது அவளுக்குப் புரிந்தது. சொல்லட்டுமா, வேண்டாமா?

ஐந்து மாதங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

அவள் ரயில்வே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வசந்தத்தில் யெர்போல் குலத்து ஆண்களின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஒரு குரோமோசோம் இருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் இணையச் சேவைக்கு அனுப்ப வேண்டும். காபித், வேறு மூன்று பேர், யெர்போல். சொந்தம் யாராவது கிடைப்பார்களா என்று மெய்ராமும் ஆசைப்பட்டதால் அவனுடையதையும் சேர்த்து அனுப்பினாள். முடிவுகள் அவள் பெயருக்கு வந்தன. காபித்தும் அந்த மூன்று பேரும் ஒரே வழி. மெய்ராமும் அதே வழி. யெர்போல் மட்டும் வேறு. பக்கத்தில்கூட இல்லை.

உன்னுடையது தபாலில் கெட்டுப்போய்விட்டது என்று அண்ணனிடம் சொன்னாள். "போகட்டும். நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று அவன் சிரித்தான்.

அவள் இன்னொரு சோதனையும் செய்தாள். தானும் யெர்போலும் ஒரே அப்பாவின் பிள்ளைகள்தான் என்று வந்தது. ஆக அவளுக்கும் மெய்ராமுக்கும் துலெபாய் வழியில் ரத்தம் இல்லை. கட்டிக்கொள்ளலாம். அந்த ஒரே அப்பா யார் என்பதை மட்டும் அவள் சோதிக்கவில்லை. ஒருநாள் அப்பா குடித்து வைத்த தேநீர்க் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகம் வரை போனாள். அங்கே அதைக் கழுவினாள். திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து அம்மா சிரித்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெய்ராமிடம் மட்டும் சொன்னாள். அவன், "எனக்கு நாலு பேர்தான் தெரியும். நாலோட நிறுத்திப்போம். உங்க அம்மா மானம் நம்ம கையில இருக்கு" என்றான்.

இப்போது அவன் அந்த மானத்துக்காகத்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

"இழுங்க, சித்தப்பா" என்றான் யெர்போல். இருவரும் மெய்ராமின் அக்குளைப் பிடித்துக் கரிக் கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். யெர்போல் பிடியை விடுவிக்கப் பார்க்கவில்லை. இரும்புக் கதவை இழுத்து அந்த விரல்கள் மேல் அறைந்தான். மெய்ராம் அப்போதுதான் முதல் முறையாகக் கத்தினான்.

குல்யாஷ் எழுந்தாள். "டேய், கைய ஒடச்சிட்டியேடா. பாவி. பேசித் தீத்துக்கலாம்டா."

"என்னத்தம்மா பேசறது? உன் பொண்ணு தம்பிமுறைக்காரன்கூட ஒரு வருஷமா சுத்தியிருக்கா. பேச இதுல என்ன இருக்கு?"

"தெரியாமதானே?"

"தெரிஞ்சப்புறமும் மாட்டேங்கறானே."

காபித் தாடையைத் தேய்த்தார். "அந்தக் காலத்துல ரெண்டு பேரையும் குதிர வால்ல கட்டிவிட்டிருப்பாங்க. இப்ப குதிரையையே வெட்டிட்டோம்." தானே சொல்லித் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்மரால் அப்பாவிடம் போனாள். "அப்பா, சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா நிறுத்துவான்."

செரிக்பாய் தொட்டியில் கிடந்த தொடைக்கறிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தடவிய துண்டு அது. அதன் மேல் உப்பு மண்போல மூடியிருந்தது. "யெர்போல், போதும்" என்றார். தொண்டையிலிருந்து பாதி சத்தம்தான் வந்தது. கரிக் கொட்டகை வரை அது போகவில்லை.

"இன்னும் சத்தமா சொல்லுங்க."

"உள்ள போ, ஒட்டகக் குட்டி" என்று எப்போதும் கூப்பிடும் செல்லப் பெயரையே சொன்னார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யெர்போல் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து வந்து கொட்டகை வாசலில் நிறுத்தினான். குதிரையின் கால்களைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்து மெய்ராமின் கால்களைக் கட்டினான். உடைந்த விரல்களையும் சேர்த்து மணிக்கட்டில் கட்டினான். மெய்ராமின் முகம் வெளுத்துவிட்டிருந்தது.

"எங்கடா கொண்டுபோறே?" என்று கேட்டாள் குல்யாஷ்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். போன் போடறேன்னு சொல்ற வரைக்கும் அங்க வெச்சிருப்பேன். சொல்லலேன்னா அங்கயே கெடக்கட்டும்."

"ராத்திரி பனி விழும்டா. செத்துப்போயிடுவான்."

"அப்ப சீக்கிரம் சொல்லட்டும்."

அவன் மெய்ராமைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் போட்டான். தலை இரும்பில் மோதியது. மெய்ராமின் கண்கள் மேலே செருகிப்போய், மெதுவாகத் திரும்பி வந்தன. அவன் மறுபடி அக்மராலைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தான். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணா" என்றாள். "அவன் துலெபாய் வழிதான். நீதான் இல்ல."

யெர்போல் பின்கதவில் கை வைத்தபடி நின்றான்.

"என்ன சொன்னே?"

"உன் குச்சி தபால்ல கெட்டுப்போகல. காபித் சித்தப்பாவும் மெய்ராமும் ஒரே வழி. நீ வேற வழி. அஞ்சு மாசமா எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதான் போகமாட்டேங்கறான்."

"பொய்."

"மெயில் இருக்கு. காட்டறேன்."

அவள் போனைத் திறந்து நீட்டினாள். யெர்போல் வாங்கிப் பார்த்தான். பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு சிறிய பட்டியல். வரலாறு படித்தவன்தான், என்றாலும் அதைப் படிக்கத் தெரியும். ஐந்து வரிகள் ஒரே மாதிரி இருந்தன. ஆறாவது வரியில் அவன் பெயர்.

"அப்ப நாம ரெண்டு பேரும்?"

"ஒரே அப்பா."

"எந்த அப்பா?"

ஒரே அப்பா என்று சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் யெர்போல் ஏற்கெனவே அண்டாவின் பக்கம் திரும்பியிருந்தான்.

"யாரும்மா?"

குல்யாஷுக்கு முதலில் புரியவில்லை. கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மகளின் முகத்தில் பார்வை நின்றது. அந்த ஐந்து மாதமும் அவளுக்கு அங்கே தெரிந்திருக்க வேண்டும்.

"யாரும் இல்லடா. உங்க அப்பாவத் தவிர யாரும் இல்ல."

"மெஷினுக்கு உன்மேல என்ன கோபம்? அது ஏன் பொய் சொல்லணும்?"

"எனக்கு மெஷின் தெரியாது. என்னத் தெரியும்."

காபித் தரையில் துப்பினார். "ஸ்டேஷன்ல ஒரு இஞ்சினியர் இருந்தான். மீசைக்காரன். இந்த வீட்டுக்கு அடிக்கடி வருவான். அப்பவே சொன்னேன், அண்ணன் கேக்கல."

"உன் நாக்கு அழுகிப்போகும், காபித்" என்றாள் குல்யாஷ். "அவன் வந்தது இவர்கூட செஸ் ஆட."

யெர்போல் அவளை அறைந்தான். இருபது வருடமாகப் பையன்களைப் பாயில் புரட்டிய கை அது. அவள் பின்னால் சாய்ந்து அண்டாவின் மேல் விழுந்தாள். வெந்நீர் அவள் தோளிலும் கழுத்திலும் கொட்டியது. அவள் அலறிய சத்தத்தில் தெருநாய்கள் குரைக்கத் தொடங்கின.

"பேரச் சொல்லு."

"இல்ல."

"பேரச் சொல்லும்மா."

காபித் கீழே வைத்திருந்த கத்தி அவன் கைக்கு எப்போது வந்தது என்று அக்மரால் பார்க்கவில்லை. அதன் அலகில் குதிரைக் கொழுப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவன் அம்மாவின் தலைத்துணியைப் பிடித்துத் தூக்கினான். அக்மரால் ஓடி அவன் கையைப் பற்றினாள். பிடித்தது கையை அல்ல, கத்தியை. உள்ளங்கையில் முதலில் குளிர்ந்தது. பிறகு சூடாக முழங்கை வரை வழிந்தது. அவன் உதறினான். அவள் ஆப்பிள்களின் மேல் போய் விழுந்தாள். ஜீப்பில் மெய்ராம் கட்டிய கால்களால் தகரத்தை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் செரிக்பாய் எழுந்தார்.

கரி அள்ளும் மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து வந்து அதன் தட்டையான பக்கத்தால் மகனின் முழங்காலுக்குப் பின்னால் அடித்தார். யெர்போல் மண்டியிட்டான். இரண்டாவது அடி கத்தி பிடித்த மணிக்கட்டில் விழுந்தது. கத்தி தெறித்து அண்டாவில் பட்டு விழுந்தது. மூன்றாவது அடி முதுகில். நான்காவதும் முதுகில். குப்புற விழுந்த மகன் மேலும் அவர் ஓங்கினார். குல்யாஷ்தான், எரிந்த தோளைப் பிடித்தபடி, "அவனக் கொன்னுடாதீங்க" என்றாள்.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மகனின் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. கைகளில் இன்னும் உப்பு.

"உங்க அம்மா கால்ல விழுந்து கும்பிடுடா" என்றார். "அவ ஒண்ணும் பண்ணல. குச்சிய என் வாயில போட்டுப் பாத்தாலும் உன்னுதுதான் வரும். நீ என் புள்ள. நான் எங்க அப்பா புள்ள. கோளாறு அதுக்கு மேல."

காபித் ஓரடி முன்னால் வந்தார். "என்ன அண்ணே சொல்றீங்க? உங்க அப்பாவும் எங்க அப்பாவும் கூடப் பொறந்தவங்க. பைமுரத் தாத்தாவோட ரெண்டு பசங்க."

"நில்லு, காபித். நீயும் கேளு. உன் தாத்தா கத இது."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கழுத்தில் தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்து மகளின் கையைப் பார்த்தார். ஜீப்பிலிருந்து மூச்சுத் திணறும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இவன் மொத அடி அடிச்சப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. நான் செத்தா உங்க குலத்து இடுகாட்டுல எடம் வேணும்னு பயந்து உக்காந்திருந்தேன். எங்க அப்பா சாகறப்போ எனக்கு மட்டும் சொன்னார். இவளுக்குக்கூட நான் சொல்லல."

"என்ன சொன்னார்?" என்றார் காபித். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"பஞ்சம் வந்த வருஷம். பைமுரத் வீட்டுல மூத்த பையன் ஒமார் பசியில செத்துட்டான். ஆறு வயசு. பனியில குழி தோண்ட முடியாம வைக்கோல்ல சுத்தி வெச்சிருந்தாங்க. மீதியிருந்த குழந்தைங்களும் அடுத்து போற நெலம. பைமுரத் கோடாலிய எடுத்துக்கிட்டு வெளிய போனார். சமவெளியில ஒரு குடும்பம் சீனா பக்கம் நடந்துபோயிட்டு இருந்துச்சு. எந்தக் குலம்னு யாருக்கும் தெரியாது. புருஷன், பொண்டாட்டி, ஒரு மாடு, ஒரு பையன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் வெட்டினார். பையன் மேலயும் ஓங்கினார். கை எழும்பல. அவன அங்கயே விட்டுட்டு மாட்ட ஓட்டிக்கிட்டு வந்துட்டார்."

யெர்போல் அவர் முழங்காலுக்கு அடியில் அசையாமல் கிடந்தான். ஒரு கண் மட்டும் மேலே பார்த்தது.

"திரும்பிப் பாத்தா பையன் பின்னாலயே வரான். அவன் மாடு இல்லியா? அதுக்குப் பின்னாலயே நடந்து வந்துட்டான். வீட்டுக்கு வந்ததும் வைக்கோல்ல கெடந்தவனோட சட்டைய இவனுக்குப் போட்டுவிட்டாங்க. அவன் பேர வெச்சாங்க. ஏழு பேரையும் அடிச்சு அடிச்சு மனப்பாடம் பண்ணவெச்சாங்க."

செரிக்பாய் உப்புக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டுக்குப் பின்னால வந்த அந்தப் பையன்தான் எங்க அப்பா" என்றார்.